பசங்கள தெரிஞ்சிக்கறதுன்னா என்ன? புதுசா சேர்ந்த தொடக்கப் பள்ளி டீச்சருக்கு ஒரு எளிய விளக்கம்

ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளிக்கு புதுசா போஸ்டிங் ஆகி வர்ற டீச்சருக்கு எல்லாரும் சொல்ற மொத அட்வைஸ் "பசங்கள நல்லா தெரிஞ்சிக்கோங்க". சொல்லிட்டு போயிடுவாங்க. என்ன தெரிஞ்சிக்கணும், யார்கிட்ட கேட்டு தெரிஞ்சிக்கணும், தெரிஞ்சத வச்சி நாளைக்கு காலையில கிளாஸ்ல என்ன பண்ணணும், இதெல்லாம் யாரும் ஒக்காந்து சொல்றதில்ல. அந்த ஒரு விஷயத்த மட்டும் இங்க எழுதறேன், அதுவும் நம்ம பக்கத்து ஊருங்கள வச்சே. நம்ம பக்கம்னா பழைய வட ஆற்காடு, 1989ல திருவண்ணாமலை தனியா போச்சி, 2019ல மிச்சம் இருந்த வேலூரும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணா பிரிஞ்சிது. மாவட்டம் பிரிஞ்சாலும் பாலாறும் பீடி இலையும் தோல் ஷாப்பும் (தோல் பதனிடற தொழிற்சாலை) ஷூ கம்பெனியும் எல்லாத்துக்கும் பொதுதான்.

அடிப்படை விஷயம் ரொம்ப சிம்பிள். ஒண்ணாங்கிளாஸ்ல வந்து ஒக்கார்ற அஞ்சு வயசு குழந்த வெறுங்கையோட வர்றதில்ல. அதோட வீட்ல, தெருவுல, அம்மாவோட வேலையில, தாத்தாவோட ஆடு மாட்டுல, பக்கத்து வீட்டு ஆயாவோட பேச்சுல இருந்து ஏற்கனவே ஏகப்பட்டது கத்துக்கிட்டு வருது. அந்த குடும்பமும் அப்படித்தான், கையெழுத்து போட தெரியாத வீடா இருந்தாலும் பொழைக்கறதுக்கு அவங்களுக்கு தெரிஞ்ச கணக்கு, கைவேல, மருந்து, மழை வெயில் பத்தின விவரம், ஆளுங்கள பத்தின விவரம்னு ஒரு பெரிய இருப்பு இருக்கு. இத வீட்டு அறிவுன்னு வச்சிக்கலாம். பசங்கள தெரிஞ்சிக்கறதுன்னா மொதல்ல இந்த இருப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சிக்கறது, அப்புறம் அத பாடத்துக்குள்ள கொண்டு வர்றது.

இது யாரோ நேத்து கண்டுபிடிச்சது இல்ல. அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல டூசான்னு ஒரு ஊர், மெக்சிகோ எல்லை பக்கம். அங்க லூயிஸ் மோல், நார்மா கொன்சாலஸ்னு ஆராய்ச்சி பண்றவங்க ஸ்கூல் டீச்சருங்கள கூட சேர்த்துக்கிட்டு, மெக்சிகோ வம்சாவளி தொழிலாளி குடும்பங்களோட வீட்டுக்கு போனாங்க. சொல்லிக் குடுக்க போகல, கேட்டுக்க போனாங்க, அதுதான் வித்தியாசம். 1992ல அத எழுதி வெளியிட்டப்ப இந்த யோசனைய ஃபண்ட்ஸ் ஆஃப் நாலெட்ஜ், அதாவது அறிவோட இருப்புங்கற பேர்ல சொன்னாங்க, இன்னிக்கி உலகம் பூரா டீச்சர் ட்ரெய்னிங்ல இது பாடம். அந்த டீச்சருங்கள்ல கேத்தி அமான்ட்டின்னு ஒருத்தங்க. அவங்க கிளாஸ் பையன் ஒருத்தன் மெக்சிகோ மிட்டாய வாங்கியாந்து தெருவுல வித்துக்கிட்டு இருந்தான், அத வீட்டுக்கு போனப்பதான் பாத்தாங்க. உடனே மிட்டாயவே பாடமா மாத்திட்டாங்க, ஒரு அம்மா ஸ்கூலுக்கே வந்து மிட்டாய் செஞ்சி காட்டுனாங்க, அதுல என்னென்ன சேருது, கடை மிட்டாய்க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு பசங்க ஆராய்ச்சி பண்ணாங்க. அறிவியலும் ஆச்சி, கணக்கும் ஆச்சி.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். எமிஸ்ல, அதாவது கல்வித்துறையோட ஆன்லைன் மாணவர் விவரப் பதிவுல, ஒரு பிள்ளையோட பேஜ ஓப்பன் பண்ணா ஆதார், ரத்த வகை, கம்யூனிட்டி, வருமானம், அப்பா தொழில்னு எல்லாம் இருக்கும். அப்பா தொழில்ல பாதி பேருக்கு "கூலி"ன்னு இருக்கும். அந்த கூலிக்குள்ள ஒருத்தர் தோல் ஷாப்ல டிரம் ஓட்றவரா இருப்பாரு, எவ்ளோ தோலுக்கு எவ்ளோ சுண்ணாம்பு எவ்ளோ தண்ணின்னு கை கணக்குல சொல்லுவாரு. இன்னொருத்தர் கிணறு வெட்றவரு, மண்ணோட நெறத்த பாத்தே எத்தன அடியில பாறை வரும்னு சொல்லுவாரு. இன்னொருத்தர் சூளையில செங்கல் அறுக்கறவரு. எமிஸ் வேணாம்னு நான் சொல்லல, ஸ்காலர்ஷிப்புக்கும் சைக்கிளுக்கும் டிசிக்கும் அது வேணும். ஆனா அத ஃபில் பண்ணி முடிச்சிட்டா பிள்ளைய தெரிஞ்சிக்கிட்டோம்னு நெனச்சிடக் கூடாது. ஸ்டாஃப் ரூம்ல அடிக்கடி கேக்கற பேச்சு ஒண்ணு இருக்கு, "இதுங்க வீட்ல எல்லாம் படிக்காத ஜனங்க, சொல்லித்தர ஆள் இல்ல, என்ன பண்ண முடியும்". புதுசா வர்றவங்க மொத மாசமே இந்த பேச்ச காதுல ஏத்திக்கிட்டா அதுக்கப்புறம் அந்த பிள்ளைங்ககிட்ட இல்லாதது மட்டும்தான் கண்ணுக்கு தெரியும், இருக்கறது தெரியவே தெரியாது. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப கோவம் உண்டு.

சரி, யார்கிட்டருந்து ஆரம்பிக்கறது? ஹெச்.எம்.கிட்ட கேளுங்க, தப்பில்ல. ஆனா என்னோட சிபாரிசு சத்துணவு சமையல் பண்றவங்கதான். அவங்க அதே ஊரு, இல்ல பக்கத்து ஊரு. எந்த பிள்ள திங்கக்கெழம பசியோட வருது, எது முட்டைய பாதி சாப்ட்டு தம்பிக்கு எடுத்துட்டு போவுது, யார் வீட்ல நேத்து சண்டை, யாரோட அம்மா இப்ப ஊர்ல இல்ல, எல்லாம் அவங்களுக்கு தெரியும். அதே மாதிரி காலை உணவுத் திட்டம் வந்ததுலருந்து மகளிர் குழு அக்காங்க காலையிலயே ஸ்கூல்ல இருக்காங்க. அந்த திட்டம் 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சி 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துது. நீங்க கொஞ்சம் சீக்கிரம் போயி பசங்க சாப்பிடறப்ப பக்கத்துல ஒக்காந்தாலே போதும், பிள்ளைங்க சாப்பிடறப்ப பேசற மாதிரி கிளாஸ்ல பேசாது. மூணாவது ஆளு அங்கன்வாடி டீச்சர். உங்ககிட்ட வர்ற பிள்ளைய அவங்க கைக்குழந்தையிலருந்து எடை போட்டு பாத்தவங்க, லேட்டா பேச ஆரம்பிச்சது, காது மந்தமா இருக்கறது, கீழ விழுந்து அடிபட்டது எல்லாம் அவங்க ஞாபகத்துல இருக்கும், ஆனா பெரும்பாலும் அவங்கள யாரும் கேக்கறதே இல்ல.

அடுத்தது ஊருக்குள்ள நடக்கறது. இங்க ஒரு விஷயத்த ஓப்பனா சொல்லிடறேன். நம்ம பக்கம் நெறைய ஊருங்கள்ல ஊர் தனி, காலனி தனி, நடுவுல ஒரு ரோடோ ஏரிக்கரையோ இருக்கும். புது டீச்சர் வந்துட்டாங்கன்னா ரெண்டு பக்கமும் கவனிப்பாங்க, மொதல்ல எந்த பக்கம் போனாங்க, யார் வீட்டு திண்ணையில ஒக்காந்தாங்க, யார் வீட்ல தண்ணி வாங்கி குடிச்சாங்கன்னு. யாரும் வாய தொறந்து சொல்ல மாட்டாங்க, ஆனா எல்லாருக்கும் தெரியும், பிள்ளைங்களுக்கும் தெரியும். அதனால காலனிக்கு மொதல்ல போங்க, குடுக்கற தண்ணியையும் டீயையும் குடிங்க, உள்ள வந்து ஒக்காருங்க டீச்சர்னு சொன்னா உள்ள போய் ஒக்காருங்க. இருளர் குடியிருப்பு ஊருக்கு வெளிய ஏரி ஓரமா இருக்கும், நரிக்குறவர் குடும்பங்க இருக்கும், அங்கயும் போங்க. ஒரு அம்மா வந்து என் பிள்ளைய தனியா ஒக்கார வக்கிறாங்கன்னு உங்ககிட்ட தைரியமா சொல்லணும்னா, அதுக்கு முன்னாடி நீங்க அவங்க வீட்டுக்கு ஒரு தடவ போயிருக்கணும். கிளாஸ்ல யாரோட கம்யூனிட்டி சர்டிஃபிகேட் விஷயத்தையும் சத்தமா பேசாதீங்க, எந்திரிச்சி நில்லுங்கன்னு சொல்லி கணக்கெடுக்காதீங்க. தனியா கூப்ட்டு கேளுங்க, இல்ல ரெஜிஸ்டர பாத்துக்கோங்க.

வீட்டுக்கு போறப்ப டைம் முக்கியம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம்னா பாதி அம்மாங்க ஷூ கம்பெனிக்கு போறவங்க, காலையில கம்பெனி வேன் ஏறுனா இருட்டறப்பதான் வீடு. அவங்க ஸ்கூல் மீட்டிங்குக்கு வரலன்னா அக்கற இல்லன்னு அர்த்தம் இல்ல, ஒரு நாள் லீவு போட்டா சம்பளமும் போச்சி. அவங்கள பாக்கணும்னா ஞாயித்துக்கெழம சாயங்காலம் போங்க. பீடி சுத்தற வீடுன்னா எந்த நேரமும் அம்மா வீட்லதான், ஆனா கை நிக்காது, சுத்திக்கிட்டே பேசுவாங்க, நீங்களும் தரையில ஒக்காந்துட்டா பேச்சு தானா வரும். நோட்டு பேனா வெளிய எடுக்காதீங்க, எடுத்தா ஏதோ சர்வே, ஏதோ லோன் விசாரண, ரேஷன் கார்டு செக்கிங்னு நெனச்சிக்குவாங்க. போட்டோவும் எடுக்காதீங்க, அந்த ஒழுகற கூரையையும் கிழிஞ்ச பாயையும் எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டு "என் மாணவனின் வீடு"ன்னு எழுதறவங்க இருக்காங்க, மனசு வலிக்குது. மொத தடவ போறப்ப புகார எடுத்துட்டு போகாதீங்க, பையன் எழுதறதில்ல, பொண்ணு பேசிக்கிட்டே இருக்குதுன்னு ஆரம்பிச்சா அடுத்த தடவ கதவே தெறக்காது. உங்க பிள்ளைகிட்ட எனக்கு பிடிச்ச விஷயம் இதுன்னு ஒண்ணு சொல்லி ஆரம்பிங்க, அது உண்மையா இருக்கணும், அதுக்கு நீங்க அந்த பிள்ளைய முன்னாடியே கவனிச்சிருக்கணும்.

கேக்கற கேள்வியும் மாறணும். "அப்பா இன்னா பண்றாரு"ங்கறது எல்லாரும் கேக்கற கேள்வி, கிளாஸ் நடுவுல கேட்டா சில பிள்ளைங்க தலைய குனிஞ்சிக்கும், அப்பா இல்லாத பிள்ள இருக்கும், குடிச்சிட்டு வீட்ல கெடக்கற அப்பா இருப்பாரு, ஜெயில்ல இருக்கற அப்பா இருப்பாரு. நான் கேக்கறது வேற கேள்வி, "உங்க வீட்ல யாருக்கு இன்னா நல்லா தெரியும்?" இதுக்கு பதில் இல்லாத பிள்ளைய நான் இன்னும் பாக்கல. எங்க ஆயாவுக்கு பாம்புக்கடி வேர் தெரியும் (வேர் இருக்கட்டும், பாம்பு கடிச்சா உடனே ஆஸ்பத்திரிதான்னு அன்னிக்கே எல்லா பிள்ளைக்கும் சொல்லிடணும்), எங்க மாமாவுக்கு கூத்துல துரியோதனன் வேஷம் கட்டத் தெரியும், எங்க அக்கா ஒரு நிமிஷத்துல ஒரு முழம் பூ கட்டும், எங்க நைனா டிராக்டர் இஞ்சின பிரிச்சி மாட்டுவாருன்னு கொட்டும். அன்னிக்கி ஒரு நாள்ல கிடைக்கற விவரம் எமிஸ்ல ஒரு வருஷம் தேடுனாலும் கிடைக்காது.

இன்னொரு வழியும் இருக்கு. ஸ்கூல் முற்றத்துல சாக்பீஸ், கோலப்பொடி, இலை, கல்லு எல்லாத்தையும் குடுத்து ஊர வரைய சொல்லுங்க. பெரியவங்க வரஞ்சா கோயில், பஞ்சாயத்து ஆபீஸ், ரேஷன் கடைன்னு ஆரம்பிப்பாங்க. பசங்க வரையறது வேற ஊரு, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த புளிய மரத்தடியில பேய் இருக்கு, எந்த போர் தண்ணி உப்பு, எந்த சந்துல குடிச்சிட்டு ஒக்காந்திருப்பாங்க அதனால எந்த வழியா சுத்தி ஸ்கூலுக்கு வர்றாங்கன்னு எல்லாம் அதுல வந்துடும். பொண்ணுங்கள தனியா ஒரு குரூப்பா வரைய சொல்லி பாருங்க, அவங்க வரையற ஊரு பையனுங்க ஊர விட சின்னதா இருக்கும், எங்கெல்லாம் போகக் கூடாதுன்னு வச்சிருக்காங்கன்னு அதுலயே தெரியும்.

இப்ப முக்கியமான இடம். இதெல்லாம் தெரிஞ்சிக்கிட்டு பாடத்துல என்ன பண்றது? தெரிஞ்சிக்கறதோட நிறுத்திட்டா அது வெறும் ஊர்க்கத.

பொய்கை மாட்டுச் சந்தைய எடுத்துக்கோங்க. செவ்வாக்கெழம நடக்கும், சுத்துப்பட்டு ஜனங்க எல்லாம் வருவாங்க, தாத்தா கூட போன பசங்க உங்க கிளாஸ்லயும் இருப்பாங்க. அங்க வெல பேசறப்ப தரகர் துண்டுக்குள்ள கைய விட்டு எதிராளி விரல புடிப்பாரு, எத்தன விரல் புடிக்கறாருங்கறதுதான் வெல, சுத்தி நிக்கறவங்களுக்கு தெரியாது. ஒரு விரல் ஆயிரமா பத்தாயிரமாங்கறது அந்த ரெண்டு பேருக்கும் புரியும். நாலாங்கிளாஸ்ல இடமதிப்பு நடத்தறப்ப ஒரு துண்ட எடுத்துட்டு போங்க. மொதல்ல புடிக்கற விரல் பத்தாயிரம், அடுத்து புடிக்கறது ஆயிரம், அதுக்கடுத்து நூறுன்னு நாமளே ஒரு விதி வச்சிக்கிட்டு பசங்கள மாடு வாங்க விடுங்க. அதே மூணு விரல் ஒரு தடவ முப்பதாயிரம், இன்னொரு தடவ முந்நூறு. கரும்பலகையில கட்டம் போட்டு விளக்கறப்ப புரியாத பையன் துண்டுக்குள்ள புரிஞ்சிக்குவான், அதுமட்டுமில்ல, எப்பவும் பின்னாடி ஒக்கார்ற அந்த பையன்தான் அன்னிக்கி மத்தவங்களுக்கு சொல்லித் தருவான்.

குடியாத்தம் பக்கம்னா கைத்தறி லுங்கி. பாவு, ஊடை, நாடா எல்லாம் அந்த பிள்ளைங்க வாயில தண்ணி மாதிரி வரும். கட்டம் போட்ட லுங்கி ஒண்ண கொண்டாந்து விரிச்சி, ஆறு நூல் செவப்பு, நாலு வெள்ளை, ரெண்டு பச்சை, மறுபடியும் ஆறு செவப்புன்னு எண்ண சொல்லுங்க, ரெண்டாங்கிளாஸ் கணக்குல அமைப்புகள்னு வர்ற பாடம் அதுதான். அடுத்து எத்தன நூலுக்கு ஒரு தடவ அதே அமைப்பு திரும்பி வருதுன்னு கேட்டா பன்னெண்டுன்னு சொல்லும், பன்னெண்டாம் வாய்ப்பாடு அங்கருந்து ஆரம்பிக்கலாம். ஷூ கம்பெனிக்கு போற அம்மா இருந்தா ஒரு நாள் அவங்கள கூப்ட்டு, ஒரு மணி நேரத்துக்கு எத்தன அப்பர் (ஷூவோட மேல் பாகம்) தைக்கணும்னு டார்கெட் இருக்கு, அத எப்படி எட்றாங்கன்னு சொல்ல வைங்க. அவங்க தச்ச ஷூ ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகுது, உலக வரைபடத்துல ஆம்பூர்லருந்து கோடு போட்டு காட்டுங்க. தன் அம்மா நின்னு பேசறத கிளாஸே கேக்கறப்ப அந்த பொண்ணு மொகத்த பாக்கணும் நீங்க. கம்மவான்பேட்டை பக்கம்னா பட்டாளத்துல இருக்கறவங்க நெறைய, சித்தப்பா லடாக்ல பெரிப்பா அசாம்லன்னு இந்திய வரைபடத்த அந்த பிள்ளைங்களே நெரப்பிடும்.

பாலாறுக்கு தனியா ஒரு வாரம் ஒதுக்கலாம். கர்நாடகாவுல நந்தி மலையில பொறந்து ஆந்திரா வழியா வந்து தமிழ்நாட்ல 222 கிலோமீட்டர் ஓடி வயலூர் கிட்ட கடல்ல சேருதுன்னு புக்குல இருக்கும். ஆனா நம்ம பிள்ளைங்களுக்கு பாலாறுன்னா வருஷத்துல பெரும்பாலான நாள் மணல்தான், கிரிக்கெட் ஆடற எடம். ஆயா தாத்தாவ கேட்டுட்டு வர சொல்லுங்க, நீங்க சின்ன வயசுல ஆத்துல ஊத்து தோண்டுனா எவ்ளோ ஆழத்துல தண்ணி வந்துது? இப்ப போர் எவ்ளோ அடி? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வரஞ்சா அதுவே நிலத்தடி நீர் பாடம். 2021 நவம்பர்ல வந்த வெள்ளத்த வீட்ல எல்லாரும் பாத்திருக்காங்க, கரையோரத்து வீடு போனவங்க இருக்காங்க, அதையும் கேக்க சொல்லுங்க. தோல் கழிவால தண்ணி உப்பானது பத்தி நாலாங்கிளாஸ் அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்ககிட்ட பேசலாமான்னா பேசலாம், கவனமா. வேலூர் குடிமக்கள் அமைப்பு ஒண்ணு போட்ட வழக்குல 1996ல உச்ச நீதிமன்றம் மாசு பண்றவங்கதான் அதுக்கான செலவ ஏத்துக்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சி, இன்னிக்கும் சட்டம் படிக்கறவங்க அத படிக்கறாங்க, நம்ம ஊரு தண்ணிக்காக வந்த தீர்ப்பு. ஆனா அதே கிளாஸ்ல தோல் ஷாப்புக்கு போற அப்பாவோட பிள்ளையும் ஒக்காந்திருக்கும், அவரு வேலைய கெட்ட வேலைன்னு அந்த பிள்ள நெனச்சிடக் கூடாது. தண்ணி கெட்டதுக்கு காரணம் சுத்திகரிக்காம விட்டது, ஒழைச்சவரு இல்லன்னு தெளிவா சொல்லணும்.

மொழி விஷயத்துக்கு வர்றேன். பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் வீட்ல உருது பேசற பிள்ளைங்க தமிழ் மீடியத்துல படிக்கும், ஆந்திரா பார்டர்ல வீட்ல தெலுங்கு பேசும். 2006ல வந்த சட்டத்துக்கப்புறம் எல்லா பிள்ளையும் தமிழ் படிக்கணும், அது நல்லதுதான், ஆனா வீட்ல தமிழ் கேக்காத பிள்ள ஒண்ணாங்கிளாஸ்ல ஆறு மாசம் வாய தொறக்காம இருந்தா மந்தம்னு முடிவு பண்ணிடாதீங்க. மதரசாவுக்கு போற பிள்ள வலது பக்கத்துலருந்து எடது பக்கம் எழுதறத கத்துக்கிட்டு, ஸ்கூல்ல வந்து எடதுலருந்து வலது எழுதுது, தமிழ் எழுத்து, அரபி எழுத்து, ஏபிசிடின்னு மூணு எழுத்த ஆறு வயசுல சமாளிக்குது. நம்மள்ல எத்தன பேருக்கு அது முடியும்? நோட்டுல அது வலது பக்கத்துலருந்து ஆரம்பிச்சிருந்தா சிவப்பு பேனாவ எடுக்கறதுக்கு முன்னாடி அத யோசிங்க. ஒரே வீட்டு மொழி பேசற ரெண்டு பிள்ளைங்கள பக்கத்துல ஒக்கார வச்சி அவங்க மொழியிலயே பேசிக்க விட்டா தமிழ் சீக்கிரம் வரும். வேலூர் டவுன்ல வெளி மாநில ஜனங்க வைத்தியத்துக்கு வர்ற சி.எம்.சி. ஆஸ்பத்திரிய சுத்தி இருக்கற லாட்ஜ் பக்கத்து பசங்க பெங்காலி இந்தின்னு ரெண்டு மூணு வார்த்த சரளமா பேசும், அதுவும் கணக்குல சேரும். தமிழ் பேசற வீட்டு பிள்ளையும் "வந்துக்கினு கீறேன்"னு பேசுதுன்னா சிரிக்காதீங்க, மத்த பிள்ளைங்களையும் சிரிக்க விடாதீங்க. புத்தகத் தமிழ தனியா கத்துக் குடுங்க, வீட்டுத் தமிழ புடுங்காதீங்க.

ஊரோட காலண்டர் ஸ்கூல் காலண்டர் இல்ல, இதையும் தெரிஞ்சிக்கணும். பொங்கல் முடிஞ்சா எருது விடும் விழா ஊர் ஊரா நடக்கும், அன்னிக்கி பையனுங்க வரமாட்டானுங்க. மகா சிவராத்திரி முடிஞ்சி மயானக் கொள்ளை. ஆடியில கூழ் ஊத்தறது. ரம்ஜான் மாசம் வருஷா வருஷம் கொஞ்சம் முன்னாடி தள்ளி வரும், நோம்பு இருக்கற பிள்ளைய அன்னிக்கி வெயில்ல பி.டி.க்கு நிக்க வக்காதீங்க, நம்ம வெயில் தெரியும்ல. ஜவ்வாது மலை பக்கம் மாசி பங்குனியில புளி உலுக்கப் போயிடுவாங்க, வீட்டோட. இதெல்லாம் ஆப்சென்ட்னு போட்டுட்டு விட்டுடறத விட ஜூன் மாசமே ஊர் பெரியவங்ககிட்ட கேட்டு சுவத்துல ஒரு காலண்டர் வரஞ்சி மாட்டிட்டா, கஷ்டமான பாடத்த அந்த வாரத்துல வக்காம இருக்கலாம்.

செங்கல் சூளைக்கு போறது வேற, அது திருவிழா இல்ல. பொங்கலுக்கு அப்புறம் குடும்பத்தோட கெளம்பிடுவாங்க, முன்பணம் வாங்கியிருப்பாங்க, மழக்காலம் வர்ற வரைக்கும் திரும்ப மாட்டாங்க, பிள்ள எமிஸ்ல காமன் பூல்ல, அதாவது எந்த ஸ்கூல்லயும் இல்லாத பிள்ளைங்க பட்டியல்ல கெடக்கும். போறதுக்கு முன்னாடியே உங்களுக்கு தெரிஞ்சா எந்த ஊரு, பக்கத்துல எந்த ஸ்கூல்னு விசாரிச்சி அங்க ஹெச்.எம்.க்கு ஒரு போன் பண்ணலாம், இல்ல பிள்ளைய ஆயா வீட்ல விட்டுட்டு போக பேசிப் பாக்கலாம். போனதுக்கப்புறம் தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. முன்னாடியே தெரியணும்னா அந்த வீட்டு திண்ணையில நீங்க ஏற்கனவே ஒக்காந்திருக்கணும்.

இங்க ஒரு எல்லையும் இருக்கு. வீட்டு அறிவ மதிக்கறதுன்னா வீட்ல நடக்கற எல்லாத்தையும் ஏத்துக்கறதுன்னு அர்த்தம் இல்ல. பீடிக்கு கூலி ஆயிரம் பீடி கணக்குலதான், ஒரு கட்டுக்கு 25ன்னா ஆயிரத்துக்கு 40 கட்டுன்னு அம்மா சொல்ற கணக்க கிளாஸ்ல போடலாம். ஆனா ராத்திரி பத்து மணி வரைக்கும் பிள்ளையே ஒக்காந்து பீடி மடிச்சி, காலையில கிளாஸ்ல தூங்கி விழுதுன்னா அது அறிவு இல்ல, குழந்தத் தொழில், சட்டப்படி தப்பு, புகையிலத் தூள் அந்த சின்ன நெஞ்சுக்குள்ள போகுது. அத அம்மாகிட்ட பேசணும், மெரட்டாம பேசணும், அந்த வீட்டுக்கு கடன் இருக்கா, வேற யாராவது கைமாத்து உதவி பண்ணுவாங்களா, மகளிர் குழுவுல சேர முடியுமான்னு பாக்கணும். பிள்ளைக்கு அடி உதை, தொடக்கூடாத எடத்துல தொடறதுன்னு தெரிஞ்சா யோசிக்கவே வேணாம், குழந்தைங்க உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க, ஹெச்.எம்.கிட்ட சொல்லுங்க. அந்த எடத்துல ஊர் பகையாயிடுமேன்னு பாக்கக் கூடாது.

"இதுக்கெல்லாம் டைம் எங்க சார் இருக்கு, எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கு அசெஸ்மென்ட் போடணும், ஆப்ல ஏத்தணும், ஈராசிரியர் பள்ளி, அஞ்சு கிளாஸையும் ரெண்டு பேர்தான் பாக்கறோம்"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. எல்லா வீட்டுக்கும் போக சொல்லல. டூசான்ல அந்த டீச்சருங்களும் ஒவ்வொருத்தரும் ரெண்டு மூணு வீட்டுக்குதான் போனாங்க, ஆனா திரும்பத் திரும்ப போனாங்க. நீங்களும் இந்த வருஷத்துக்கு மூணு பிள்ளைய எடுத்துக்கோங்க, நல்லா படிக்கறத விடுங்க, கிளாஸ்ல சத்தமே வராத பிள்ள, அடிக்கடி வராத பிள்ள, உங்களுக்கு எரிச்சல் வர வக்கிற பிள்ள, இந்த மூணு. எண்ணும் எழுத்தும்ல பசங்க கத்துக்கிட்ட நிலைய வச்சி அரும்பு மொட்டு மலர்னு 2022லருந்து பிரிக்கறோம்ல, அரும்புலயே நிக்கற பிள்ள வீட்டுக்கு போனா அதுக்கு எது வருதுன்னு கண்டுபிடிக்கலாம், அங்கருந்து எழுத்துக்கும் எண்ணுக்கும் வழி போடலாம். திட்டத்துக்கு எதிரா ஒண்ணும் இல்ல, திட்டத்துல இருக்கற செயல்பாட்டுக்கு உங்க ஊரு பொருள உள்ள வக்கிறீங்க, அவ்ளோதான்.

பள்ளி மேலாண்மைக் குழுவையும் இதுக்கு பயன்படுத்தலாம். கல்வி உரிமைச் சட்டப்படி அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேரு பெண்கள். பல ஊர்ல அது கையெழுத்து வாங்கற மீட்டிங்கா போயிடுச்சி. அடுத்த மீட்டிங்ல கழிப்பறை தண்ணி விஷயம் முடிஞ்சதும், எந்த அம்மா என்ன செய்யத் தெரிஞ்சவங்க, யாரு ஒரு மணி நேரம் வந்து பசங்களுக்கு காட்ட முடியும்னு ஒரு கேள்வி போடுங்க. மொத தடவ யாரும் பேச மாட்டாங்க, எங்களுக்கு இன்னா டீச்சர் தெரியும்னுதான் சொல்லுவாங்க, நீங்க வீட்டுக்கு போயி பாத்ததுலருந்து ஒருத்தங்கள பேர் சொல்லி கேட்டீங்கன்னா சரின்னு எந்திரிப்பாங்க.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம். தெரிஞ்சிக்கிட்டத ஒரு நோட்டுல எழுதி வைங்க, வீட்டுக்கு வந்ததுக்கப்புறம், அன்னிக்கே. தாத்தாவுக்கு என்ன தெரியும், எந்த மாசத்துல எந்த வேல, எந்த பாடத்துக்கு யார கூப்டலாம், வீட்ல என்ன மொழி, இதெல்லாம் எழுதலாம். யார் குடிக்கறாரு, யாருக்கு எவ்ளோ கடன், யார் வீட்ட விட்டு போனாங்கங்கறத எழுதாதீங்க, நோட்டு யார் கையிலயும் கெடைக்கலாம், உங்கள நம்பி சொன்னது அது. கவுன்சிலிங்ல ட்ரான்ஸ்ஃபர் வந்து நீங்க கெளம்பறப்ப அந்த நோட்ட அடுத்து வர்ற டீச்சர்கிட்ட குடுத்துட்டு போங்க, சத்துணவு அக்காகிட்டயும் அங்கன்வாடி டீச்சர்கிட்டயும் அவங்கள நேர்ல கூட்டிட்டு போயி அறிமுகப்படுத்திட்டு போங்க.